அது உன்னை என்ன பண்ணுச்சு?

ராயக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் சி.என்.சி. மெஷின் ஆபரேட்டர். வயது முப்பத்தொன்று. தினம் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. 'உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம்' என்றுதான் கடிதமே ஆரம்பிக்கிறது. இப்படி ஆரம்பிக்கிற கடிதங்களை நான் தவறவிடுவதில்லை. பெரிய விஷயங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பதிலையும் தாங்களே எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

விஷயம் இதுதான். அவருக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம் எலத்தகிரி. கத்தோலிக்கர்கள் நிறைந்த பழைய ஊர். சின்ன வயதில் அம்மா வைக்கோலும் களிமண்ணும் வைத்துக் குடில் கட்டுவார். கல்யாணமாகி, ராயக்கோட்டையில் லைன் வீட்டில் வாடகைக்கு வந்து, பெண் குழந்தைக்கு நாலு வயசானதும் தானும் ஒரு குடில் கட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. கம்பெனியில் வேண்டாமென்று போட்ட அட்டைப் பெட்டிகள் கிடைத்தன. பொம்மைகள் வாங்கினார். செல்போனில் இத்தாலிக்காரர்கள் கட்டுகிற குடில்களைப் பார்த்தார். அதில் மலை, ஆறு, மேய்ச்சல் நிலம் எல்லாமே பச்சைப் பசேலென்று வெல்வெட் மாதிரி. உற்றுப் பார்த்தால் பாசி. நிஜப் பாசி.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நண்பர்கள் இரண்டு பேரையும் இரண்டு யூரியா சாக்கையும் கூட்டிக்கொண்டு கோட்டை மலைக்குப் போயிருக்கிறார். ராயக்கோட்டை மலை தெரியும்தானே? 1791-ல் கம்பெனிப் படை மேஜர் கௌடி தலைமையில் திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை. (இந்தக் கம்பெனி வேறு, அவர் வேலை பார்க்கிற கம்பெனி வேறு.) ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு அங்கே வெயில் படாத பாறைச் சரிவுகளில் பாசி திட்டுத் திட்டாகப் பிடித்திருக்கும். பெயின்டர்கள் பட்டி பார்க்கிற தகட்டை வைத்து நெம்பினால், 'பாய் மாதிரி உரிஞ்சு வந்துச்சு சார்' என்று எழுதுகிறார்.

இரண்டாவது சாக்கு நிரம்பும்போது ஆடு மேய்க்கிற ஒரு வயசான அம்மாள் வந்து நின்று பார்த்திருக்கிறாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ''ஏம்ப்பா, அது உன்ன என்னா பண்ணுச்சு?''

இவர் சிரித்துக்கொண்டே, ''சாமிக்கு ஆயா'' என்றார்.

''சாமி கேட்டுச்சா?'' என்று சொல்லிவிட்டு ஆடுகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

குடில் பிரமாதமாக வந்தது. போட்டோ அனுப்பியிருந்தார், நிஜமாகவே பிரமாதம். தெருவே வந்து பார்த்ததாம். குழந்தைக்குப் பாசியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதில் அத்தனை சந்தோஷம். புது வருஷம் பிறந்தபோது பச்சை, பழுப்பாகிவிட்டது. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்து, காய்ந்த பாசியைச் சாக்கில் கட்டிக் குளியலறை ஓரம் வைத்தார். போகியன்று ஹவுஸ் ஓனர் வீட்டுப் பையன்கள் வந்து, ''அண்ணா, அந்தச் சாக்கைக் குடுங்க, கொளுத்தலாம்'' என்று கேட்டபோது கொடுக்க மனசு வரவில்லை. அன்றைக்கு ராத்திரிதான் எனக்குக் கடிதம். 'சார், நான் செஞ்சது பாவமா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. விளக்கம் வேண்டாம்.'

விளக்கம் வேண்டாம் என்றால் என் பிழைப்பு என்ன ஆவது?

முதலில், பாசி என்று எதைச் சொல்கிறோம் என்று பார்க்கவேண்டும். தமிழில் குளத்தில் மிதப்பதும் பாசி, குளியலறைத் தரையில் வழுக்குவதும் பாசி, நரிக்குறவர் விற்கும் மணியும் பாசி, சுண்டல் பண்ணுகிற பயறும் பாசி. பிரியாணியில் போடுகிற கல்பாசி, பாசியே கிடையாது. லைக்கன் என்கிற வேறு சங்கதி. குறுந்தொகையில் பரணர், ஊர்க் கேணியில் படர்ந்த பாசியைக் காதலியின் பசலைக்கு உவமை சொல்கிறார். கை பட்டால் விலகும், கையை எடுத்தால் மறுபடி வந்து மூடிக்கொள்ளும். அது தண்ணீர்ப் பாசி. பாறைப் பாசிக்கு இது பொருந்தாது. அங்கே கையை எடுத்தால் வெறும் பாறைதான். மறுபடி மூடுவதற்குப் பல வருஷம் ஆகும், மூடினால்.

ஏனென்றால் அதற்கு நிஜமான வேர் இல்லை. பிளஸ் ஒன்னில் பாட்டனி படித்தவர்களுக்கு ஃபியூனேரியா ஞாபகம் இருக்கலாம். பூ கிடையாது, விதை கிடையாது. வேர் மாதிரி இருக்கிற நூல்கள் பாறையைப் பிடித்துக்கொள்ளத்தான். தண்ணீர் குடிப்பதெல்லாம் இலை வழியாக, மழை பெய்யும்போதும் பனி விழும்போதும். வெயில் காலத்தில் சுருண்டு, செத்த மாதிரி கிடக்கும். ஒரு தூறல் போட்டால் சில நிமிஷங்களில் பச்சையாகிவிடும். அண்டார்டிகாவில் சிக்னி என்ற தீவில் 1500 வருஷத்துக்கு மேல் உறைந்துகிடந்த பாசியை வெட்டி எடுத்து, ஈரமும் வெளிச்சமும் காட்டினார்கள். சில வாரங்களில் துளிர் விட்டது. 2014-ல் வெளியான ஆராய்ச்சி. மண்ணே இல்லாத பாறையில் முதலில் குடியேறி, தூசியைப் பிடித்து வைத்து, ஈரத்தைப் பிடித்து வைத்து, பின்னால் வருகிற புல்லுக்கும் செடிக்கும் இடம் தயார் பண்ணுவது இதன் வேலை. அதற்குள் நீர்க்கரடி முதலாகக் கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ ஜீவன்கள் குடித்தனம் நடத்துகின்றன. வாடகை கிடையாது.

சரி, பாவமா?

'வலிக்காத ஒன்றுக்குத் தீங்கு செய்ய முடியாது' என்று ஒரு கட்சி இருக்கிறது. பீட்டர் சிங்கர் போன்றவர்களின் வாதம் ஏறக்குறைய இதுதான். வலியை உணரும் உயிரிடம்தான் நமக்கு நேரடியான கடமை. பாசிக்கு நரம்பு இல்லை, மூளை இல்லை, வலி இல்லை. ஆகவே வாசகர் நிம்மதியாகத் தூங்கலாம்.

இதற்கு எதிராக ரிச்சர்ட் ரௌட்லி என்பவர் 1973-ல் ஒரு கதை சொன்னார். பல்கேரியாவில் வர்ணா என்ற ஊரில் நடந்த உலகத் தத்துவ மாநாட்டில். உலகத்தில் எல்லோரும் செத்துப் போய் ஒரே ஒரு மனிதன் பாக்கி. அவனும் சாகப்போகிறான். போவதற்கு முன் கண்ணில் படுகிற மரம் செடியை எல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டுப் போகிறான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை; ஆகவே எந்த மனிதனுக்கும் நஷ்டம் இல்லை. அவன் செய்தது தப்பா, இல்லையா? பெரும்பாலோருக்குத் தப்பு என்றுதான் மனசு சொல்கிறது. ஏன் தப்பு என்று கேட்டால்தான் திணறுகிறோம். (ரௌட்லி பின்னாளில் தன் பெயரையே, காடு என்று பொருள்படும் சில்வன் என்று மாற்றிக்கொண்டார். தத்துவவாதிகளில் சொன்னபடி நடக்கிறவர்கள் குறைவு. இவர் குறைந்தபட்சம் பெயரளவிலாவது நடந்தார்.)

இதற்கெல்லாம் பல்கேரியா வரை போயிருக்க வேண்டியதில்லை. சமணர்கள் வழிபாட்டுக்கு உட்காரும் முன் 'இரியாவஹியம்' என்று பிராகிருதத்தில் ஒரு மன்னிப்பு வாசகம் சொல்வார்கள். நடந்து வரும் வழியில் தெரியாமல் மிதித்ததற்கெல்லாம் மன்னிப்பு. எதையெல்லாம் என்று அதில் ஒரு ஜாபிதாவே இருக்கிறது: பனித்துளி, எறும்புப் புற்று, ஈரமண், சிலந்திவலை. அந்த வரிசையில் பாசியும் இருக்கிறது. எவனோ ஒருவன் பாசியை மிதித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறான் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். நம் வாசகர் தனி ஆள் இல்லை.

சித்த வைத்தியர்களும் மூலிகை பறிக்குமுன் 'சாப நிவர்த்தி' என்று செய்வார்கள். காப்பு நூல் கட்டி, செடியிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்கள். செடி பதில் சொல்லாது என்று அவர்களுக்கும் தெரியும். கேட்கிற நேரத்தில், நமக்கு இது நிஜமாகவே வேண்டுமா என்று ஒரு யோசனை வரும் அல்லவா, அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஆயா கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான். பறித்து முடித்த பிறகு கேட்டாள்.

இனி சட்டம். ராயக்கோட்டைக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற சின்னம். அங்கே தகடு வைத்து எதையும் நெம்புவது சட்டப்படி சரியா என்று வக்கீல் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் ஒரு வேடிக்கை. பழைய கோயில் சுவர்களிலும் சிற்பங்களிலும் பாசி படிந்தால் கல் கெட்டுவிடும் என்று அதே தொல்லியல் துறை அமோனியா கலந்த தண்ணீரால் கழுவித் தேய்த்து எடுக்கிறது. அதைப் பாவம் என்று யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆயிரம் வருஷத்துச் சிற்பத்துக்காக எடுப்பது வேறு, பதினைந்து நாள் குடிலுக்காக எடுப்பது வேறு. என்ன வேறு என்பதற்குப் பிற்பாடு வருகிறேன்.

குடிலுக்குப் பாசி என்பது உலகத்தில் புதுசு இல்லை. ஸ்பெயின், இத்தாலி, மெக்ஸிகோ, கொலம்பியா, கோஸ்டரிகா என்று கத்தோலிக்க தேசங்கள் பலவற்றிலும் பழைய வழக்கம். குடும்பத்தோடு காட்டுக்குப் போய்ப் பாசி பொறுக்குவதே அங்கே பண்டிகையில் ஒரு பகுதி. ஒரு வீட்டுக்கு ஒரு கூடை. ஒரு கூடையில் என்ன குடிமுழுகிவிடும்? லட்சக்கணக்கான வீடு, லட்சக்கணக்கான கூடை என்று ஆனபோது முழுகிற்று. கொலம்பியாவில் 1977-லேயே காட்டுப் பாசி எடுக்கத் தடை போட்டார்கள். ஐரோப்பிய நாடுகள் 1992-ல் கொண்டுவந்த வாழிட ஆணையில், இஷ்டத்துக்கு அள்ளிவிடாமல் கண்காணிக்க வேண்டியவற்றின் பட்டியலில் பாசிகளும் இருக்கின்றன. ஸ்பெயினின் பல பகுதிகளில் அனுமதியில்லாமல் எடுத்தால் அபராதம். ராயக்கோட்டையில் அந்த நிலைமை இல்லை, இரண்டு சாக்குதான். ஆனால் தெருவே வந்து பார்த்தது என்று அவரே எழுதியிருக்கிறார். வருகிற டிசம்பரில் எத்தனை சாக்கு மலையேறும் என்று அவருக்கும் ஒரு கவலை இருந்திருக்க வேண்டும்.

அவர்கள் ஏன் பாசிக்குப் போனார்கள் என்று யோசித்தால் காரணம் புரிகிறது. ஐரோப்பாவில் டிசம்பர் மாதம் மரமெல்லாம் மொட்டை, வயலெல்லாம் வெறிச். குளிரில் பச்சையாக மிச்சமிருப்பது ஊசியிலை மரமும் பாசியும்தான். இருக்கிற பச்சையைக் கொண்டுவந்து வைத்தார்கள். நமக்கு என்ன வந்தது? கிருஷ்ணகிரி வட்டாரத்தில் டிசம்பரில் எங்கு திரும்பினாலும் பச்சை. மொச்சை காய்த்துக் குலுங்குகிறது. கேழ்வரகு அறுத்து வைக்கோல் போர் போட்டிருக்கிறார்கள்.

வைக்கோல் என்றதும் இன்னொன்று. 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் முதன்முதலில் குடில் அமைத்தபோது அவர் கேட்டது தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. பாசி இல்லை. பண்டிகை முடிந்ததும் அந்த வைக்கோலை ஊர்க்காரர்கள் எடுத்து வைத்துக்கொண்டு, சீக்கு வந்த ஆடு மாடுகளுக்குக் கொடுத்தார்கள் என்று அவர் வரலாற்றை எழுதிய செலானோ தாமஸ் குறித்திருக்கிறார். அலங்காரம் மாட்டு வயிற்றுக்குப் போயிற்று. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது.

நம் ஊரிலும் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. (பைபிளைச் சொல்லவில்லை.) குடிலுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகையோ கோதுமையையோ விதைத்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ் ராத்திரிக்கு விரல் உயரத்துக்குப் பச்சை வயல் தயார். கோவாவிலும் கேழ்வரகுதான். நவராத்திரி கொலு வைக்கிற வீடுகளில், படிக்குக் கீழே குழந்தைகள் 'பார்க்' கட்டுவதற்குக் கடுகு, வெந்தயம் தூவி முளைக்க வைப்பதும் இதுவேதான். முளைப்பாரியும் இதன் அக்காள்தான். மதம் மாறினாலும் தட்டு மாறவில்லை. எலத்தகிரி அம்மா கேழ்வரகு விதைத்தாரா என்று வாசகர் எழுதவில்லை. விதைத்திருப்பார் என்று ஊகிக்கிறேன்.

இங்கேதான் எனக்கு வித்தியாசம் தெரிகிறது. கேழ்வரகு முளைக்கப் பன்னிரண்டு நாள், அதைப் பார்த்து ரசிக்கப் பன்னிரண்டு நாள். கணக்கு நேர். அந்தப் பன்னிரண்டு நாளும் தண்ணீர் தெளித்தது நாம், காத்திருந்தது நாம். ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் பிப்ரவரி 14-க்காக ரோஜா வளர்க்கிறார்களே, அதுவும் வெட்டுவதற்கென்றே ஒருவர் நட்டு, உரமிட்டு, ராத்திரி கண்விழித்து வளர்த்தது. பாறைப் பாசிக்கு யாரும் காத்திருக்கவில்லை. அதுவாகவே எத்தனையோ மழைக்காலம் காத்திருந்து கையகலம் ஆயிற்று. அவ்வளவு வருஷத்தையும் ஒரு மதியத்தில் உரித்து எடுத்து, இரண்டு வாரம் அனுபவித்து, சாக்கில் கட்டிவிட்டோம். ஒரு பொருள் உருவாக எத்தனை காலம், நமக்கு அது பயன்படுவது எத்தனை காலம்... இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் இருந்தால் அங்கே ஏதோ தப்பு நடக்கிறது. பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். நாம் தேருக்கு ஜோடனை பண்ண முல்லையைப் பிடுங்குகிறோம்.

இப்படி எழுதிவிட்டுக் காபி போட அடுக்களைக்குப் போனேன். அடுப்பு மேடையில் கிரானைட். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல் என்று பத்து வருஷம் முன்னால் கடைக்காரர் பெருமையாகச் சொல்லி விற்றது. அந்த வட்டாரத்துப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி வருஷம் என்கிறார்கள். என்னுடைய கணக்கையே எனக்குப் போட்டுப் பார்த்தால், வாசகரின் இரண்டு சாக்கு ஒன்றுமே இல்லை. அவர் பாறை மேலிருந்ததை எடுத்தார். எனக்காகப் பாறையையே அறுத்திருக்கிறார்கள். பாசியோடு சேர்த்து.

இதற்கு நான் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். ஸ்லாப் ஐம்பது வருஷம் உழைக்கும், அதன் மேல் தினமும் சமைக்கிறோம், அலங்காரத்துக்காக மட்டும் இல்லை. சொல்லிப் பார்த்தேன். ஆயா முன்னால் நின்று சொல்லக்கூடிய சமாதானமாக எனக்கே படவில்லை. 'மலையையே வெட்டுகிறார்கள், நான் ஒரு கைப்பிடி எடுத்தால் என்ன' என்று அவர் கேட்கலாம். கேட்கவில்லை. அந்த நியாயம் கைவசம் இருந்தும் பயன்படுத்தாததால்தான் அவருக்குப் பதில் எழுதவேண்டும் என்று தோன்றிற்று.

பிளாஸ்டிக் பாசி வாங்கினால் போச்சு என்று என் மனைவி சொன்னாள். பச்சைச் சாயம் போட்ட சுருள், மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. அது வாடாது என்பதுதான் அதில் சிக்கல். குழந்தையின் குழந்தைக்குக் கல்யாணமான பிறகும் ஏதாவது ஒரு குப்பைமேட்டில் பச்சையாக இருக்கும். தவிர, நாலு வயசுக் குழந்தை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்குமா?

அவருக்கு ஆமாம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. பாவம் பற்றிச் சொல்ல அவர் ஊரில் பங்குத் தந்தை இருக்கிறார். 'சாக்கைக் கொளுத்தவேண்டாம், காய்ந்த பாசி செத்த பாசி ஆகாது, எடுத்த இடத்தில் கொண்டுபோய்ப் போடுங்கள்' என்று மட்டும் எழுதினேன்.

மாட்டுப் பொங்கல் லீவில் போயிருக்கிறார். இந்தத் தடவை கூட குழந்தை மட்டும். உரித்த இடம் சொறி பிடித்த மாதிரி வெளுப்பாகத் தெரிந்ததாம். பாறை இடுக்குகளில் பாசியைப் பிய்த்துப் பிய்த்து அமுக்கி வைத்து, கொண்டுபோன இரண்டு பாட்டில் தண்ணீரையும் ஊற்றியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் சில துண்டுகள் மட்டும் பச்சை காட்டின, குழந்தை கைதட்டியது. ஆயாவைத் தேடிப் பார்த்தாராம். ஆடுகளையும் காணோம். 'ஒட்டிக்குமா சார்?' என்று கேட்டிருந்தார்.

உரித்த பாய் அப்படியே திரும்ப ஒட்டிக்கொள்வது கஷ்டம். காற்று அடித்தால் போய்விடும். ஆனால் பாசிக்கு ஒரு குணம் உண்டு. கிள்ளிய துணுக்கு ஈரமான இடுக்கில் தங்கினால் அதிலிருந்து புதுசாகத் தொடங்கும். அதற்கு மழை வேண்டும். அந்தப் பக்கம் கோடை மழை ஏப்ரல், மே மாதங்களில். அதுவரை பொறுக்கவேண்டும் என்று எழுதினேன். கேழ்வரகு எந்தத் தேதியில் விதைத்தால் சரியாக வரும் என்றும் கேட்டிருந்தார். டிசம்பர் பன்னிரண்டு வாக்கில், ஒரு ராத்திரி ஊறவைத்து.